அய்யாவழியும் அச்சுப் பதிவுகளும்

தடைசெய்யப்பட்ட அல்லது அதிகம் அறியப்படாத சமயக் குழுக்களைப் பற்றிய நாளிதழ்ச் செய்திகளில் ‘மர்மக் கும்பல்’, ‘ரகசியக் கூட்டம்’ போன்ற சொற்கள் எளிதில் இடம்பெறுகின்றன. காவல்துறையின் கூற்றும் எதிர்த்தரப்பின் கூற்றும் விரிவாக வரும். குழுவினரின் கூற்று அரிதாகவே வரும். இவ்வழக்கத்தின் விளைவை அறிய, கன்னியாகுமரி மாவட்டத்தில் தோன்றிய அய்யாவழியின் வரலாறு தக்க சான்றாகும்.

சாமிதோப்பை மையமாகக் கொண்டு 1833க்குப் பின் அய்யா வைகுண்டர் (1809–1851) உருவாக்கிய வழிபாட்டைத் திருவிதாங்கூர் அரசு ஐயத்துடன் நோக்கியது. சுவாதித் திருநாள் ஆட்சியில் அவர் சிறை வைக்கப்பட்டார். அக்காலத்தில் இவ்வியக்கத்தைப் பற்றி அச்சில் எழுதியோரில் முதன்மையானவர்கள் லண்டன் மிஷன் சங்கத்தார். அதே மக்களிடையே பணியாற்றிய அவர்களுக்கு இது நேரடிப் போட்டி. சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’ நூலும் வைகுண்டரை ‘முத்துக்குட்டி’ என்ற பெயரில் அவநம்பிக்கையுடனேயே அறிமுகப்படுத்துகிறது.

இவ்வழிபாட்டில் மறைவானது குறைவு. தலைப்பாகை கட்டிய ஆண்கள், நெற்றியில் நாமம், சிலைக்குப் பதில் கண்ணாடி, பொதுக் கிணறு, சேர்ந்துண்ணல் ஆகிய யாவும் கண்ணுக்குத் தெரிபவை. வெளியாருக்கு எட்டாமலிருந்தது அவர்களின் நூலே. 1841இல் எழுதப்பட்டதாகக் கருதப்படும் அகிலத்திரட்டு அம்மானை 1939இல்தான் அச்சேறியது. அதுவரை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அச்சுலகில் பிறர் சொல்லே நிலைத்தது.

ஆயினும் மிஷன் பதிவுகளைத் தள்ளிவிட முடியாது. இயக்கம் பரவியதையும், அது தம் பணிக்குத் தடையானதையும் அவை ஒப்புக்கொள்கின்றன. எதிர்த்தரப்பின் ஒப்புதல் என்பதால் அதன் சான்று மதிப்பு கூடுகிறது. மறுபுறம், மன்னரைக் ‘கலிநீசன்’ எனச் சாடும் அகிலமும் நடுநிலைப் பதிவன்று. இரண்டையும் அருகருகே வைத்தே வரலாற்றை எழுத வேண்டும்.

செய்தியாளருக்கும் இதே நெறி பொருந்தும். வன்முறை, பணமோசடி முதலிய குற்றச்சாட்டுகளை ஆராய்வது இதழியலின் கடமை. ஆனால் குற்றச்சாட்டு வேறு, வழிபாடு வேறு. ‘ரகசியம்’ என்று எழுதுமுன், அக்குழுவின் இடத்துக்குச் சென்றோமா, அவர்களின் நூலைப் படித்தோமா, அவர்களிடம் பதில் கேட்டோமா என்பவற்றைச் செய்தியாளர் சரிபார்க்க வேண்டும். எவற்றையும் செய்யாதபோது அச்சொல் குழுவின் இயல்பையன்றி, எழுதுபவரின் அறியாமையையே குறிக்கும்.

இன்று மாசி 20ஆம் நாள் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்குச் செல்லும் ஊர்வலம் நாளிதழ்களில் வழக்கமான விழாச் செய்தி. தலைப்பாகையும் நாமமும் அன்றுபோலவே உள்ளன. அவற்றை எழுதும் சொற்கள் மாறியுள்ளன.