கழற்ற முடியாத கட்டை: மின்னேற்றக் கைவிளக்குகள் பற்றி ஒரு மதிப்பீடு

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் டார்ச் லைட் என்பது மின்சாரம் போன நேரத்தில் மட்டும் தேடப்படும் வீட்டுப் பொருளாக இல்லாமல், அன்றாடத் தொழிற்கருவிகளுள் ஒன்றாகவே இருந்து வருகிறது. நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை மொட்டு விரியும் முன்பே பறிக்கப்பட்டுச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், பறிப்பவர்கள் விடியலுக்கு முன்னரே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகின்றனர். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் மோட்டாரைப் போட்டுவிட்டு மடை மாற்றச் செல்லும் விவசாயிக்கு, வரப்பில் கிடக்கும் கட்டுவிரியனைக் காட்டிக்கொடுப்பது கையிலுள்ள வெளிச்சம்தான். தைப்பூசத்தை ஒட்டி ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டமும் பகல் வெயிலைத் தவிர்த்து இரவில் நடப்பதால் அதற்கும் விளக்கு வேண்டியிருக்கிறது. இவ்வளவு வேலை வாங்கப்படும் கருவியில் பெரும்பாலும் முதலில் ஓய்ந்துபோவது மின்கலமே. அதனை வாங்கியவரே மாற்றிக்கொள்ள இயலுமா என்பதைப் பொறுத்தே அந்த விளக்கு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது முடிவாகிறது.

மின்கலத்தை அமைப்பதில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. எந்த நிறுவனம் செய்தாலும் ஒரே அளவில் இருக்கும், எந்தக் கடையில் வாங்கினாலும் பொருந்தும் மின்கலத்தைப் பொதுத்தர மின்கலம் எனலாம். குறிப்பிட்ட விளக்குக்கென்றே வடிவமைக்கப்பட்டோ, அதன் உட்புறத்தில் பற்றவைத்து மூடப்பட்டோ வருவதைத் தனித்தர மின்கலம் எனலாம். தமிழகச் சிற்றூர்கள் முதல் வழக்கத்தில் பழகியவை. ‘இரண்டு கட்டை லைட்’, ‘மூன்று கட்டை லைட்’ என்று விளக்கையே கட்டைகளின் எண்ணிக்கையால் அழைத்த பேச்சில், கட்டை என்பது விளக்கிலிருந்து வேறான, தனியே விலைக்குக் கிடைக்கும் பொருள் என்ற புரிதல் அடங்கியிருந்தது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் ஆர்20 என்று குறிக்கும் அந்தப் பெரிய கட்டையின் விட்டம் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 61 மில்லிமீட்டர். எவரெடியின் பித்தளை விளக்கில் நிப்போ கட்டையைப் போட்டாலும் அது எரிந்ததற்குக் காரணம் இந்த அளவுப் பொருத்தமே.

அந்தப் பழைய வழக்கத்தைப் பொற்காலமாகப் பேசுவதற்கு இடமில்லை. உலர்மின்கலத்தின் வெளிக்கூடாகிய துத்தநாகமே வேதிவினையில் கரைந்து மின்சாரம் தருவதால், தீர்ந்துபோன கட்டையை எடுக்காமல் விட்டால் கூடு ஓட்டையாகி உள்ளிருக்கும் உப்புக்குழம்பு கசிந்துவிடும். பின்மூடியின் மரை இறுகி, சுருள்கம்பி துருவேறி, கட்டை குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் தூக்கி எறியப்பட்ட விளக்குகள் ஏராளம். இரவுதோறும் விளக்கைப் பயன்படுத்துபவருக்குக் கட்டைச் செலவு ஓயாத செலவாகவும் இருந்தது. ஆகவே மின்னேற்ற விளக்கு வந்தபோது அதனை மக்கள் ஏற்றுக்கொண்டதில் ஏமாளித்தனம் ஏதுமில்லை. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் முழுவதும் நீடித்து, 2012ஐ ஒட்டி உச்சத்தை எட்டிய மின்வெட்டு, அந்த விளக்குகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

அவ்விளக்குகளுள் விலை மலிவான ஒன்றைத் திருப்புளியால் திறந்து பார்த்தால் இந்த வழக்கத்தின் பொருளாதாரம் முழுவதும் தெரிந்துவிடும். கைப்பிடிக்குள் தீப்பெட்டியைவிடச் சற்றே பருத்த, மூடி முத்திரையிட்ட 4 வோல்ட் ஈய-அமில மின்கலம் ஒன்று இருக்கும். அதிலிருந்து கிளம்பும் சிவப்பும் கறுப்புமான இரண்டு மெல்லிய கம்பிகள் ஒரு சிறு அட்டையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். வெளியே இழுத்துச் சுவரில் செருகும் இரட்டைமுனைப் பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட்டைத் தாழ்த்துவதற்கு மின்மாற்றி இராது. ஒரு மின்தேக்கியும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் நான்கு டையோடுகளும் அந்த வேலையைச் செய்யும். மின்மாற்றி இருந்தால் வீட்டு மின்சாரத்துக்கும் மின்கலத்துக்கும் நேரடித் தொடர்பு அறுபட்டிருக்கும். அது இல்லாத இந்தச் சுற்றில், விளக்கு சுவரில் செருகப்பட்டிருக்கும் வரை மின்கலத்தின் முனைகளே வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருக்கின்றன; அப்போது அவற்றைத் தொடுபவருக்கு மின்னதிர்ச்சி ஏற்படலாம்.

இந்த விவாதத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது இந்த நுட்பமே. மலிவு விளக்கில் மின்கலம் அடைபட்டிருப்பதற்கு வாங்குபவரை மீண்டும் கடைக்கு வரவழைக்கும் உள்நோக்கம் மட்டுமே காரணம் என்று சொல்வது அரைகுறையான குற்றச்சாட்டு. மின்மாற்றியின் செலவை மிச்சப்படுத்திய சுற்று, பயனரின் விரல் மின்கலத்தின் பக்கம் போகாதபடி உடலை மூடியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையும் கூடவே கொண்டுவந்தது. மூடியதன் விலையை வாங்கியவர் வேறு வகையில் செலுத்தினார். ஈய-அமில மின்கலம் வெறுமையான நிலையில் சில மாதங்கள் கிடந்தால், அதன் தகடுகளில் ஈயச் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு மின்னேற்றத்தை ஏற்காது. நிறைந்தவுடன் தானே நின்றுகொள்ளும் ஏற்பாடு இல்லாத விளக்குகளில் இரவெல்லாம் செருகி வைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். குறைவாகப் பயன்படுத்துபவருக்கும் கேடு, அதிகமாக மின்னேற்றுபவருக்கும் கேடு என்ற இந்த அமைப்பில் விளக்கின் எல்.இ.டி. பழுதின்றி இருக்கும்போதே முழு விளக்கும் குப்பைக்குப் போகிறது.

இதில் ஒரு முரண்நகையும் உண்டு. அந்த 4 வோல்ட் மின்கலம் தனியாகவும் விற்கப்படுவதால், பழுதுபார்ப்பவர் கம்பியை அறுத்துப் புதியதைப் பற்றவைத்துக் கொடுத்துவிட முடிகிறது. இடம் போதாவிட்டால் கைப்பிடியின் உட்பட்டையைச் செதுக்கி நுழைத்துவிடுகிறார். அதாவது, அடைபட்டதாகத் தோன்றும் மலிவுப் பொருள், மின்னழுத்தம் என்ற ஒரே பொதுத்தன்மையைப் பிடித்துக்கொண்டு, உள்ளூர்க் கைத்திறனுக்கு வளைந்து கொடுக்கிறது. விலையுயர்ந்த விளக்கில் அந்த வழி எளிதில் திறப்பதில்லை.

விலையுயர்ந்த விளக்குகளின் தனித்தரம் வேறு வகையைச் சேர்ந்தது. ஓலைட் போன்ற நிறுவனங்களின் சில விளக்குகளில் மின்கலத்தின் அளவு பொதுத்தரத்தை ஒத்திருந்தாலும், நேர்முனை, எதிர்முனை இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து, பின்மூடியில் காந்தத்தால் ஒட்டும் மின்னேற்றியோடு இயங்குமாறு அதனை மாற்றி அமைத்துள்ளனர். இந்த வடிவமைப்புக்கு நியாயம் இல்லாமல் இல்லை. மின்னேற்றத் துளையே இல்லாததால் தூசியும் நீரும் புக வழி குறைகிறது. மின்னேற்றி, மின்கலம், விளக்கு மூன்றையும் ஒருவரே வடிவமைப்பதால் எவ்வளவு மின்னோட்டத்தை எடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் அந்த மின்கலம் ஓய்ந்துவிட்டால் அதே நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அந்த வகையை அந்நிறுவனம் கைவிட்டுவிட்டால் போக இடமில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு, வேறு சாவி எதுவும் சேராது என்பதே பெருமை. தேய்ந்து தீரும் பொருளாகிய மின்கலத்தில் அதே குணம் குறையாகிவிடுகிறது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது 18650 என்ற பொதுத்தர லித்தியம் அயனி மின்கலம். பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசிச் சுழி உருளை வடிவத்தைக் குறிப்பது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின், மடிக்கணினிகளின் வழியாக இந்த அளவு உலகெங்கும் பரவியது. சராசரியாக 3.7 வோல்ட், முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட் தரும் இது, ஒற்றைக் கட்டையிலேயே எல்.இ.டி.யை எரிக்கப் போதுமானது. பூப்பறிப்பவர் ஒருவர் நிறைந்த கட்டை ஒன்றைக் கூடுதலாக இடுப்புப் பையில் வைத்திருந்தால், பாதிப் பறிப்பில் வெளிச்சம் மங்கும்போது கட்டையை மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். அடைபட்ட விளக்கு வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் இன்னொரு விளக்குதான் வேண்டும்.

ஆனால் பொதுத்தரம் என்ற சொல் இங்கே உறுதியளிப்பது உருவத்தை மட்டுமே. அளவுக்கு மீறி வடிந்தாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ மின்கலத்தைத் துண்டிக்கும் காப்புச் சுற்று சில 18650களில் உண்டு, பலவற்றில் இல்லை. உள்ளவற்றில் அந்தச் சுற்றைத் தாங்கும் சிறு வட்டுச் சேர்வதால் நீளம் சில மில்லிமீட்டர் கூடி, விளக்குக் குழாயில் அடங்காமல் போவதும் உண்டு. முனை தட்டையாக உள்ளதும் குமிழாக உள்ளதும் ஒரே பெயரில் விற்கின்றன. நல்ல 18650 ஒன்றின் கொள்திறன் இன்றைய நிலையில் 3,500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டியே நிற்கும்போது, 9,900 என்று அச்சிட்ட உறை மாட்டி விற்கும் துணிச்சலும் சந்தையில் இருக்கிறது. கழித்துப்போட்ட மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்த பழைய கலத்துக்குப் புதிய உறை மாட்டி விற்பதும் நடக்கிறது. உலர்கட்டை கெட்டால் கசியும். லித்தியம் கட்டை கெட்டால் தீப்பற்றக்கூடும். சட்டைப்பையில் சில்லறையோடு சேர்த்துப் போட்ட 18650 இரு முனைகளும் இணைந்து கொதித்துவிடும் என்பதை, ஆர்20 கட்டையில் பழகிய ஒருவர் தாமாக அறிய வழியில்லை. பகல் வெப்பம் 40 பாகையை நெருங்கும் சித்திரை, வைகாசியில் இருசக்கர வாகனத்தின் இருக்கைக்கு அடியில் கிடக்கும் கட்டை விரைவில் முதுமை அடையும் என்பதும் அப்படியே.

எனவே தனித்தரத்தை ஆதரிப்பவர்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டும்போது அதனை ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்க வேண்டியது, பாதுகாப்பின் பொருட்டுப் பயனரை வெளியே நிறுத்தியே ஆக வேண்டும் என்ற முடிவைத்தான். அளவுக்கு மீறி வடியாமல் தடுக்கும் சுற்றையும், கட்டையைத் தலைகீழாகப் போட்டால் இயங்காத ஏற்பாட்டையும் விளக்கின் உடலிலேயே வைத்துவிட்டால், கழற்றக்கூடிய கட்டையோடும் பாதுகாப்பாக இருக்க முடியும். உடலில் டைப்-சி துளையும் உள்ளே 18650 கட்டையுமாக வரும் விளக்குகள் பல நிறுவனங்களிடம் இப்போதே உள்ளன. நீர்ப்புகாமைக்காக மூடுகிறோம் என்ற வாதத்துக்கும் பின்மூடியின் மரையில் மாட்டும் ரப்பர் வளையமே போதிய விடை.

இவற்றைவிட முக்கியமானது, மூடுவதற்கு இருந்த பழைய தொழில்நுட்பக் காரணம் இப்போது மறைந்துவிட்டது என்பது. கைப்பேசி மின்னேற்றியின் 5 வோல்ட்டில் நிறையும் விளக்கில், வீட்டு மின்சாரத்தைப் பிரித்துத் தாழ்த்தும் வேலையை முறையாகச் செய்யப்பட்ட மின்னேற்றியே வெளியில் முடித்துவிடுகிறது. கட்டையின் முனையைத் தொட்டால் மின்னதிர்ச்சி என்ற அச்சத்துக்கு அங்கே இடமில்லை. இருந்தும் இன்று கடைகளுக்கு வரும் நெற்றி விளக்குகளுள் பல, யு.எஸ்.பி. துளையைக் கொண்டும் மின்கலத்தை நிக்கல் தகட்டில் பற்றவைத்து அடைத்தே வருகின்றன. முன்பு சுற்றின் கட்டாயமாக இருந்தது இப்போது உற்பத்தியின் சோம்பலாகவோ, விற்பனையின் வசதியாகவோ எஞ்சி நிற்கிறது.

சட்டம் இந்த மாற்றத்தைப் பாதி வழியே பின்தொடர்ந்திருக்கிறது. லித்தியம் மின்கலங்களுக்கான பாதுகாப்புத் தரமாகிய ஐ.எஸ். 16046ஐ இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு வற்புறுத்துகிறது. டைப்-சி துளைக்கும் இந்தியத் தரம் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், ஓய்ந்த மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்தின. ஆனால் பிளாஸ்டிக் உடலுக்குள் அடைபட்ட மின்கலம் பழைய இரும்புக் கடைக்கு மின்கலமாகப் போவதில்லை, உடைந்த விளக்காகவே போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 எண்ணுள்ள ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே எளிதில் கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்பதை 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயமாக்குகிறது. நீரில் புழங்கும் கருவிகள் போன்ற சிலவற்றுக்கு அதில் விலக்கு உண்டு.

இந்தியாவில் 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமை முயற்சி, பண்ணைக் கருவிகளையும் தன் துறைகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது. பண்ணைக் கருவி என்ற சொல்லைக் கேட்டதும் டிராக்டரும் நீரேற்றும் மோட்டாரும் நினைவுக்கு வருவது இயல்பு. இரவில் மடை மாற்றுபவரின் கையிலும் பூப்பறிப்பவரின் நெற்றியிலும் உள்ள விளக்கை அந்தப் பட்டியலில் சேர்ப்பதும், கழற்றக்கூடிய பொதுத்தரக் கட்டை, உடலிலேயே காப்புச் சுற்று, உறையில் உண்மையான கொள்திறன் ஆகிய மூன்றையும் அதற்கு நிபந்தனையாக்குவதும் துறை செய்ய வேண்டிய வேலை. அதுவரை வாங்குபவர், பணம் கொடுக்கும் முன் பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கடைக்காரரைக் கேட்க வேண்டும்.