பத்தாம் குருவின் பெயரில் பதினொரு கதைகள்

ஹிகாயத் என்னும் சொல் பேராக் மாநிலத் தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. ஹிகாயத் ஹங் துவா, ஹிகாயத் ஸ்ரீ ராமா என மலாய் இலக்கியத்தில் நாளும் பயில்வதே. அரபு மொழியில் பிறந்து பாரசீகத்தில் வளர்ந்த அச்சொல்லுக்குக் கதை என்பது பொருள். மலாய் ஹிகாயத்துகள் பலவற்றிற்கு ஆசிரியர் பெயர் தெரியாது. அதற்காக எவரும் வருந்தியதுமில்லை. அதே பெயர் தாங்கிய பதினொரு பாரசீகக் கதைகளோ, சீக்கியரிடையே நூறாண்டுக்கு மேலாக ஓயாத வழக்கொன்றை எழுப்பியுள்ளன. காம்பாரிலும் ஈப்போவிலும் சீக்கியரோடு தலைமுறைகளாகப் பழகிவரும் தமிழர் அவ்வழக்கின் இயல்பை அறிந்திருப்பது நன்று. தமிழிலும் அதற்கோர் இணை உண்டு.

சீக்கியரின் திருமறையாகிய குரு கிரந்த சாகிப்பில் பாடியவர் யார் என்ற ஐயத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு பாடலும் எந்தக் குருவினது, அன்றிக் கபீர், நாமதேவர், பரீது முதலிய எந்த அடியாரது என்பது தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளது. தசம் கிரந்தம் அத்தகையதன்று. பத்தாம் குருவாகிய குரு கோவிந்த் சிங்கின் (1666–1708) பெயரால் வழங்கும் அத்தொகுப்பின் பழஞ்சுவடிகள், நூல்களின் வரிசையிலும் தொகையிலும் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. அமிர்தசரசில் அமைந்த குழுவொன்று 32 சுவடிகளை ஒப்புநோக்கி 1897இல் அறிக்கை தந்தது. 1902இல் திருந்திய பதிப்பு வெளிவந்தது. இன்றைய 1428 பக்கப் பதிப்பின் இறுதியில், 1705இல் அவுரங்கசீப்புக்குக் குரு விடுத்த செய்யுள் மடலாகிய ஸபர்நாமா நிற்கிறது. அதனை ஒட்டியே, மொழி பாரசீகமும் எழுத்துக் குர்முகியுமாக, ஹிகாயத்துகள் வருகின்றன.

கதைகள் சுவையானவை. நான்கு மைந்தரைச் சோதிக்கும் அரசன் ஒருவன் மூவர்க்கு யானை, குதிரை, ஒட்டகம் என வாரி வழங்கி, நான்காமவன் கையில் பயறும் கடலையும் மட்டுமே வைக்கிறான். அவனோ அவற்றை விதைத்து, விளைந்ததை மீண்டும் விதைத்துப் பெருஞ்செல்வனாகிறான். இன்னொன்றில் ஒரு பெண் ஷேர் ஷாவின் இரு குதிரைகளைக் காவல் கடந்து கவர்ந்து வருகிறாள். கதைதோறும் தொடக்கத்தில் இறைவாழ்த்து உண்டு. முடிவில் மதுவார்க்கும் சாகியை விளித்துக் கிண்ணம் கேட்கும் மரபும் உண்டு. நிஜாமியின் சிக்கந்தர் நாமாவைப் படித்தவர் இவ்வுத்தியை உடனே அறிந்துகொள்வர். ஆனால் காதலும் வஞ்சமும் கொலையும் சில கதைகளில் மிகுதி. வழக்குக்கு வித்து அதுவே.

தரம்பால் அஷ்தா 1959இல் வெளியிட்ட ஆய்வில் தசம் கிரந்தம் குருவின் வாக்கே என்று நிறுவ முயன்றார். ரத்தன் சிங் ஜக்கி 1966இல் வெளிவந்த தம் ஆய்வில் பெரும்பகுதி அவைப்புலவர் யாத்தது என்று மறுத்தார். 2008இல் அகால் தக்து, அந்நூல் சீக்கிய இலக்கியத்தின் அங்கமே, ஆயினும் குரு கிரந்த சாகிப்புக்கு இணையாகாது என்று அறிவித்தது. வழிபாட்டுக்கு அம்முடிவு போதும். ஆசிரியர் யார் என்னும் வினாவுக்கு அது விடையாகாது.

இரு சாராரும் பெரிதாக எடுத்துக்காட்டும் சான்றுகள் மெலிந்தவை. ‘இக்கதைகள் தகாதவை, ஆகவே குரு பாடியிரார்’ என்பது பிற்காலத்தார் ஒழுக்க உணர்ச்சியே அன்றிச் சான்றாகாது. மன்னர்க்கு நீதி சொல்லக் கதை சொல்வது பாரசீகத்தில் சாதி முதலியோர் வகுத்த பெருவழக்கு. ‘மடலை அடுத்து நிற்கின்றன, யாப்பும் ஒன்றே, ஆகவே ஒருவர் வாக்கே’ என்பதும் அத்தகையதே. அந்த யாப்புப் பிர்தௌசியின் ஷாநாமாவுக்கும் சாதியின் போஸ்தானுக்கும் உரியது. பாரசீகத்தில் கதை பாட முனைந்த பலரும் கையாண்டது. வெண்பாவில் அமைந்தவை எல்லாம் ஒருவர் பாடியவை எனத் துணிவார் உண்டோ?

தமிழ் வழக்கை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை ஆகியவற்றைப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் புகழேந்திப் புலவர் இயற்றியவை என்றே அச்சிட்டுவந்தன. ஒட்டக்கூத்தரால் சிறைப்பட்ட புகழேந்தி, தண்ணீர் எடுக்கச் சென்ற பெண்களுக்காகப் பாடியவை அவை என்று ஒரு கதையும் பிறந்தது. சீக்கியரில் சிலர், ஹிகாயத்துகள் அவுரங்கசீப்புக்கு அறிவுரையாக மடலோடு அனுப்பப்பட்டவை என்பர். இரண்டிலும், புகழ்பெற்ற பெயருக்கும் எளிய கதைக்கும் இடையே உள்ள தொலைவை அடைக்க மற்றொரு கதை தேவைப்பட்டிருக்கிறது.

ஆயினும் ஒப்புமை ஓரெல்லையில் நின்றுவிடுகிறது. புகழேந்தி வழக்கைத் தீர்க்க நளவெண்பா இருக்கிறது. அதன் நடையையும் அல்லி மாலையின் பிற்காலப் பேச்சு நடையையும் அருகருகே வைத்தால் மாணவனும் வேறுபாடு காண்பான். குருவின் பாரசீகத்துக்கு அத்தகைய உரைகல் ஸபர்நாமா ஒன்றே. நூற்றுச் சில ஈரடிகளே உடைய அதுவும் அதே தொகுப்பின்வழியே வந்தது. அதே குர்முகி எழுத்தில் பாரசீக ஒலிகள் சிதைந்தது. ஆகவே நடையாய்வை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூற முனைவது பொருந்தாது.

இதனினும் வலிய சான்று, தசம் கிரந்தத்திலுள்ள சரித்ரோபாக்கியானம். நானூற்றுக்கு மேற்பட்ட கதைகள் கொண்ட அந்நூலின் முடிவுரை அது 1696இல் நிறைவுற்றதாகக் கூறுகிறது. ராம், சியாம் என்னும் புலவர் முத்திரைகளும் அதில் காணப்படுகின்றன. அக்குதிரைக் கதை அங்கும் உண்டு. வேறு சில ஹிகாயத்துகளுக்கும் அங்கே இணைகள் உள்ளன. எனவே மடல் எழுதுவதற்கு ஒன்பது ஆண்டு முன்பே இக்கதைகளிற் சில ஆனந்தபூர் அவையில் வழங்கியவை; அவுரங்கசீப்புக்கெனப் புனையப்பட்டவை அல்ல. குருவே பின்னர்ப் பாரசீகத்தில் மாற்றிப் பாடியிருக்கலாம் என்று வாதிடுவார்க்கு இதனாலும் இடமுண்டு. ஆனால் புலவர் பலர் சூழ்ந்திருந்த, நந்த்லால் கோயா போன்ற பாரசீகக் கவிஞரையும் பெற்றிருந்த குருவின் வட்டத்தில், அவை அவைப்புலவர் கைவண்ணம் என்பதே இப்போதைக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அம்முடிவை உறுதிசெய்யவோ மறுக்கவோ வல்லவை, மடலும் கதைகளும் முதன்முதல் ஒன்றாக எழுதப்பட்ட சுவடிகளே.