ராச்சோறும் செபமும்: ‘கோவேறு கழுதைகள்’ நாவலை முன்வைத்து

அறந்தாங்கியிலிருந்து தெற்கே போய் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்தால் கொஞ்ச தூரத்தில் ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டிக் கொல்லப்பட்ட ஊர். அவருடைய ரத்தம் பட்டுத்தான் அங்கே மண் சிவந்தது என்பது சனங்களின் நம்பிக்கை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் அந்தச் செம்மண் ஒரு பொட்டலமாவது இருக்கும்.

கொல்லப்படுவதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து அவர் கரியால் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சாவை எதிர்பார்த்து மகிழ்கிற மனம் அதில் தெரியும். அதைச் சந்தேகப்பட எனக்கு எந்தக் காரணமும் இல்லை. 1686-லேயே மறவர் நாட்டில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, ஐரோப்பாவுக்குப் போய், சாகலாம் என்று தெரிந்தே திரும்பி வந்த மனிதர் அவர். ஆனால் ஒரு வாசகனாக எனக்கு உறுத்துவது வேறு. இந்தக் கதையில் துன்பத்துக்குத் தேதி இருக்கிறது. பிப்ரவரி 4-ஓடு அது முடிந்துவிடுகிறது. 1947-ல் புனிதர் பட்டமும் வந்துவிடுகிறது. அதே கதையில் கடலை என்று ஒரு பெண் வருகிறார். சேதுபதியின் உறவுக்காரர், தடியத் தேவரின் மனைவிகளில் ஒருவர். தேவர் கிறிஸ்தவரானபோது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டியதாயிற்று. விலக்கப்பட்டவர்களில் கடலையும் ஒருவர். அவர் அரண்மனையில் போய் முறையிட்டதைத்தான் சரித்திரம் வைத்திருக்கிறது. அதற்கப்புறம் அவருடைய நாட்கள் எப்படிப் போயின என்று யாரும் எழுதவில்லை.

அன்றாடத்தை எழுதுவது கஷ்டம். கிறிஸ்தவத் தமிழில் அது இன்னும் கஷ்டம். காரணம், நமக்குக் கையில் கிடைத்த வடிவங்கள் இரண்டுமே ஓர் இடத்துக்குப் போய்ச் சேருபவை. ஒன்று, வேதசாட்சியின் கதை. இன்னொன்று, பயணம். எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை ஆங்கிலேயரான பனியனின் கதையைத் தழுவி எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) நல்ல உதாரணம். வழியில் எவ்வளவு பட்டாலும் கடைசியில் நகரம் உண்டு. நாளைக்கும் இதே பாடு, மறுநாளும் இதே பாடு, நடுவில் ஒரு செபம் என்று வாழ்கிறவர்களுக்கு எந்த வடிவம்?

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) அதைக் கண்டுபிடித்த நாவல் என்று நினைக்கிறேன். தலித் நாவல் என்று அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். தலித்துகளுக்குள் இருக்கும் மேல்கீழைக் காட்டியதற்காக அது வாங்கிய திட்டும் தெரிந்த கதைதான். செபத்தைப் பற்றிய நாவலாக அதை வாசித்தவர்கள் குறைவு.

தலித்துகளுக்கு வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பம். ஆரோக்கியம், சவுரி, பிள்ளைகள் ஜோசப், பீட்டர், மேரி. பெயர்களே சொல்லிவிடுகின்றன, கத்தோலிக்கர்கள். நாவல் தொடங்குவதே ஒரு பயணத்தில்தான். பீட்டரைச் சாமியாராக்கிவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். ஏமாற்றத்தோடு திரும்பி வருகிறார்கள். அதாவது, மற்றவர்கள் முடிக்கிற இடத்தில் இமையம் ஆரம்பிக்கிறார். மோட்ச யாத்திரை முதலிலேயே நடந்து, தோற்றும்போய்விடுகிறது. மிச்சமிருக்கிற பக்கங்கள் முழுக்க வேலை. துணி எடுப்பது, வெளுப்பது, பிள்ளைப்பேறுக்கும் சாவுக்கும் ஓடுவது, அறுப்பு நேரத்தில் களத்துமேட்டில் பங்குக்கு நிற்பது, பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போய் ராச்சோறு எடுப்பது.

அந்தச் சோறு எடுக்கிற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். வாசலில் நின்று ஆரோக்கியம் கூப்பிடுகிற சொல் ‘சாமி’. கோயிலில் இருப்பவரும் சாமி. பூசை வைப்பவரும் சாமி. சோறு போடுகிறவர்களும் சாமி. ஊர் ஒதுக்கி வைத்த மக்கள்தான் இவள் வாயில் சாமி ஆகிறார்கள். ஒரே சொல், ஒரே குரல், ஒரே கெஞ்சல். கத்தோலிக்கர்கள் தினமும் சொல்கிற, இயேசு கற்றுக்கொடுத்த செபத்தில் சாப்பாட்டுக்கான வேண்டுதல் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு வேண்டியதை மட்டும்தான் அது கேட்கும், நாளைக்கானதை அல்ல. நம்மில் பலருக்கு அது மனப்பாடமான வரி. ஆரோக்கியத்துக்கு அது சாயங்கால வேலை. செபமும் ராச்சோறும் அவளிடம் ஒரே மொழியில் நடக்கின்றன. அதனால்தான் நாவலில் அவள் எங்கே கடவுளிடம் பேசுகிறாள், எங்கே ஊராரிடம் பேசுகிறாள், எங்கே தனக்குத்தானே புலம்புகிறாள் என்று பல இடங்களில் பிரிக்கவே முடிவதில்லை. இதை நடையின் குழப்பம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் நாவலின் உயிர்.

புத்தகம் பேசும் தம்பி ஒருவன் கேட்டான்: “இவ்வளவு பட்டும் அந்தம்மா ஏண்ணே இன்னும் சாமி கும்பிடுது?” நியாயமான கேள்வி. பாமாவின் ‘கருக்கு’ (1992) படித்துவிட்டு இதற்கு வருகிற யாருக்கும் தோன்றும். பாமாவிடம் செபம் மணியடித்து வருவது. பயமுறுத்தி மனப்பாடம் பண்ண வைத்தது. பிறகு கன்னியர் மடத்துக்குள் போய், அங்கே சொல்கிற செபத்துக்கும் வாழ்கிற வசதிக்கும் சம்பந்தமில்லை என்று பார்த்து, வெளியே வருகிறார். கோபமும் தெளிவும் உள்ள புத்தகம். இன்றைக்கும் சுடுகிறது. ஆனால் வெளியே வருவதற்கு ஒரு வாசல் வேண்டுமில்லையா? பாமா கையில் படிப்பு இருந்தது, ஆசிரியர் வேலை பார்க்கிற தகுதி இருந்தது. ஆரோக்கியம் எதிலிருந்து வெளியே வருவாள்?

மேரிக்கு நடக்கும் பாலியல் கொடுமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆரோக்கியம் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? நியாயம் சொல்ல வேண்டியவர்கள் அவள் ராச்சோறுக்கு நிற்கிற அதே வாசல்காரர்கள். சோறு கேட்கிற வாயால் நியாயம் கேட்க முடியாது. கேட்டால் சோறு போய்விடும். அந்த இடத்தில் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே முறையீடு மேலே இருக்கிறவரிடம். அதை ஆறுதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு ஆறவே இல்லை. அபினி, மயக்கம் என்று சொல்வதும் பொருந்தவில்லை. அவள் ஒரு நிமிஷம்கூட மயங்கி உட்காரவில்லை, மறுநாள் காலையில் துணி மூட்டை இருக்கிறது. எந்தச் சாமியிடம் கேட்டால் சோறு போகாதோ அந்தச் சாமியிடம் கேட்கிறாள், அவ்வளவுதான். அவர் பதில் சொல்லவில்லை என்பதையும் இமையம் மறைக்கவில்லை.

நாவல் மேல் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. பழைய தொழில் கைவிட்டுப் போவதும் பிள்ளைகள் விலகுவதும் முழுக்க ஆரோக்கியத்தின் கண்ணீர் வழியாகத்தான் நமக்கு வருகின்றன. ஒரு தாயின் நஷ்டக் கணக்காகவே எல்லாம் எழுதப்பட்டுவிடுகிறது. வாசல் வாசலாக நிற்பதை விட்டு ஒரு மகன் போகிறான் என்றால் அதில் அவனுக்கு ஒரு மூச்சு விடுதல் இருக்காதா? சாமியாராகாமல் திரும்பிய பீட்டர் ராத்திரியில் என்ன செபம் சொன்னான், சொன்னானா இல்லையா? இமையம் அந்தப் பையன்களுக்குள் போகவே இல்லை. சவுரியையும்கூட ஆரோக்கியத்தின் குரல் மூடிவிடுகிறது. அவ்வளவு பெரிய குரல் அது என்பது உண்மைதான், ஆனாலும் ஒரு முழு நாவலில் அவருக்கென்று ஒரு தனி மௌனத்தையாவது கொடுத்திருக்கலாம்.

நாவல் இன்னொரு பயணத்தோடு முடிகிறது. முதல் பயணத்தில் கோயில் இருந்தது, கொடுத்துவிட ஒரு மகன் இருந்தான். கடைசிப் பயணம் வெளுக்கிற துறைக்கு. சுமந்துகொண்டு போக அழுக்குத் துணி இருக்கிறது. ஓரியூருக்குப் போகிறவர்கள் கையில் மண்ணாவது எடுத்துவருகிறார்கள். ஆரோக்கியம் அன்றைக்குத் திரும்பி வரும்போது வெளுத்த துணியைக் கொண்டுவருவாள், அதுவும் அவளுடையதில்லை.