தவிட்டுக்கொய்யாவுக்கும் லெம்பாவுக்கும் நடுவே

காட்டுப்பழங்களை வரிசைப்படுத்துவதற்கு இனிப்பை அளவுகோலாக வைத்தால் போட்டியே இருக்காது. சந்தையில் கிலோக் கணக்கில் குவிந்து கிடக்கும் ரம்புத்தானும் டூக்குவும் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடும். நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. பல் பட்ட கணத்திலிருந்து விதையைத் துப்பும் வரை ஒரு பழத்தின் சுவை எத்தனை முறை மாறுகிறது, அந்த மாற்றங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்து போகின்றன, கடைசியில் வாயில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பேன். இப்படிப் பார்த்தால் மலேசியாவின் ஜொகூர் பாருவைச் சுற்றி, ஸ்கூடாய், தெப்ராவ், கூலாய்ப் பக்கங்களில், சாலையோரத்திலும் பழைய பால்மரக் காடுகளின் விளிம்பிலும் யாரும் விலை வைக்காமல் பழுத்து உதிர்பவை பல பெரிய பழங்களைத் தாண்டிப் போய்விடுகின்றன.

எளிதாகக் கிடைப்பது செரி. தமிழ்நாட்டில் தேன்பழம் என்றும் சர்க்கரைப்பழம் என்றும் அழைப்பார்கள், இலங்கையில் ஜாம் பழம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம். இங்கே கால்வாய்க் கரையிலும் உணவுக்கடைகளின் பின்புறத்திலும் வௌவாலும் பறவையும் போட்ட விதையிலிருந்து தானாக எழுந்து குடை விரிக்கிறது. அதன் பூவை ஒரு காலையில் நின்று பார்க்க வேண்டும். மொட்டு இலை வரிசைக்கு மேலே நிமிர்ந்து வரும், வெள்ளையாக ஒரே நாள் மலரும். இதழ் உதிர்ந்ததும் காம்பு வளைந்து இலைக்கு அடியில் போய்விடும். மேலே இருந்து பார்த்தால் மரம் முழுக்கப் பூ, கீழே வந்து அண்ணாந்து பார்த்தால் முழுக்கப் பழம். வாயில் வைத்து அழுத்தினால் மெல்லிய தோல் உடைந்து, காய்ச்சிய சர்க்கரையின் மணத்தோடு உள்ளிருப்பது மொத்தமாக நாக்கில் இறங்கும். பொடி விதைகள் நறநறக்கும். அவ்வளவுதான். ஒரே சுவை, ஒரே அசைவு. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது என்றாலும் என் வரிசையில் அது கீழேதான் நிற்கிறது.

அதற்கு ஒரு படி மேலே செண்டுடோக். ஊதாப் பூக்கள் கொண்ட இந்தப் புதரைப் பார்க்காமல் ஜொகூரில் எந்தச் சாலையிலும் போக முடியாது. 19ஆம் நூற்றாண்டில் மிளகும் காம்பியரும் பயிரிட்டு, காம்பியர் இலை காய்ச்சக் காட்டை வெட்டி எரித்து, களைத்துப்போன நிலங்களைக் கைவிட்டுச் சென்றார்கள். அப்படிப்பட்ட புளிப்பேறிய மண்ணில்தான் இது தழைக்கும். மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கக்கூடிய செடி. பூவுக்குள் இரண்டு வகை மகரந்தக் கேசரங்கள் இருக்கின்றன. குட்டையான மஞ்சள் கேசரங்கள் வண்டுக்கு விருந்து. வளைந்து நீண்ட ஊதாக் கேசரங்களோ, வண்டு விருந்துண்ணும்போது அதன் உடம்பில் மகரந்தத்தைச் சத்தமில்லாமல் பூசிவிடும். காய் முற்றியதும் குடம் போன்ற தோல் தாறுமாறாக வெடித்து, கருநீலச் சதைமேல் ஆரஞ்சு நிற விதைகள் பதிந்த உள்பக்கம் வெளியே தெரியும். பார்வைக்கு அவ்வளவு அழகு. சுவையில் லேசான இனிப்பு, அதைத் தொடர்ந்து துவர்ப்பு, பிறகு நாளெல்லாம் கறுத்த நாக்கு. இதன் செடிவகைக்குத் தாவரவியலார் வைத்த பெயருக்கே கருவாய் என்றுதான் பொருள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இலையும் பழமும் ரோமம் போர்த்திய கிளிடெமியா. காட்டு விளிம்பின் நிழலில், முழங்கால் உயரத்தில், மங்கிய நீலத்தில் கொத்துக் கொத்தாய்ப் பழுத்திருக்கும். இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியதுதான். பிஜித் தீவில் இது விளைநிலங்களை மூடிக்கொண்டபோது கோஸ்டரின் சாபம் என்று பெயர் வாங்கியது. அங்கே அதை அடக்க 1930இல் டிரினிடாட்டிலிருந்து ஒரு வகை இலைப்பேனைக் கொண்டுபோய் விட்டார்கள். சாபத்துக்கு இவ்வளவு நல்ல பழம் இருக்கக்கூடாது. ரோமம் நாக்கில் உறுத்தும் அந்தக் கணத்தைக் கடந்துவிட்டால் சாறு நிறைந்த, சற்றே மண்வாசனையுள்ள, தெளிவான இனிப்பு. செண்டுடோக்கைவிட இதற்கே நான் அதிக மதிப்பெண் தருவேன்.

ஓர் எச்சரிக்கை. செம்பனைத் தோட்டங்களின் வரப்பில் விளைவதைத் தின்ன வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது என்றாலும் வேறு மருந்துகள் தெளிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. வேலியில் படரும் சிறுபூனைக்காலியின் பழத்தை மஞ்சளாகப் பழுத்த பிறகே தொட வேண்டும், பச்சைக் காயில் நஞ்சு உண்டு. பெயர் தெரியாத எதையும் வாயில் வைக்கக்கூடாது.

உயரமான மரங்களின் பழங்களை விரைவாகக் கடந்துவிடுகிறேன். ராம்பாய் சரஞ்சரமாகத் தொங்குவது கண்ணுக்கு விருந்து, வாய்க்குச் சாதாரணம். தம்போயின் கனத்த ஓட்டை உடைத்தால் உள்ளே வெண்சுளைகள், நல்ல இனிப்பு, ஆனால் விதையைவிட்டுப் பிரிய மறுக்கும் சதை. ருக்காமை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கசக்கித் தின்றால் துவர்ப்பு தணியும். இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் இ. ஜே. எச். கார்னரைப் படிக்க வேண்டும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றியவர், மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி 1940இல் இரண்டு தொகுதிகளாக எழுதியவர். உச்சிக்கிளையின் மாதிரிகளைப் பறித்துப் போட பெரோக் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தார். ஜொகூரின் செடிலி ஆற்றுச் சதுப்புக்காடுகள் அவர் அலைந்து ஆராய்ந்த இடங்கள்.

குண்டாங்கை அப்படிக் கடந்துபோக மனம் வராது. மாங்குடும்பத்தில் பிறந்த சின்னப் பழம், கம்பம் எனப்படும் கிராமங்களில் வீடுகளின் பின்வாசலில் பாதி வளர்ப்பாகவும் பாதிக் காடாகவும் நிற்கும். கொழுந்து ஊதா, பழம் ஆரஞ்சு. கத்தியால் குறுக்கே வெட்டினால் விதையின் பருப்பு மீண்டும் ஊதா. இப்படி ஒரு நிறத்தை ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கும் பழத்தை முதன்முறை பிளந்து பார்ப்பவர்கள் ஒரு கணம் சாப்பிட மறந்துவிடுவார்கள். தோலோடு கடிக்கலாம். முதலில் மாங்கொட்டைக்கு அருகே வரும் பிசின் வாசம், உடனே கூர்மையான புளிப்பு, மெல்ல மெல்ல அதற்குப் பின்னாலிருந்து இனிப்பு. மூன்றும் முந்தியடிக்காமல் வரிசையில் வரும். காயாக இருக்கும்போது சம்பல் பெலாச்சான் என்ற இறால் விழுதுத் துவையலில் தொட்டுத் தின்பது இங்கே மலாய், சீன, இந்திய இனத்தார் மூவருக்கும் பழக்கம். மூன்றாமிடம் இதற்குத்தான், யோசிக்கவே தேவையில்லை.

இனி மேலிருக்கும் இரண்டு. கெமுந்திங் என்று மலாயில் சொல்வதை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தவிட்டுக்கொய்யா என்பார்கள். அங்கே குளிர்ந்த மலைச்சரிவில் வளர்கிறது. இங்கே மெர்சிங் பக்கத்தில், உப்புக்காற்று வீசும் கடற்கரை மணலில், வெயில் கொதிக்கும் பொட்டலில். ஒரே செடி இவ்வளவு எதிரான இரண்டு வாழ்க்கைகளை வாழ்வதை நினைத்தாலே எனக்கு அதன்மேல் மரியாதை கூடிவிடுகிறது. பூ ஆழ்ந்த இளஞ்சிவப்பில் திறந்து நாளாக ஆக வெளுக்கும். எனவே ஒரே புதரில் மூன்று நான்கு வண்ணங்கள் நிற்கும். இலையின் அடிப்பக்கம் கம்பளி போல வெண்மை. பழத்தின் தோலிலும் அதே மென்மயிர், தலையில் ஐந்து மடல் கொண்ட புல்லி. அந்தப் புல்லியைக் கிள்ளி எறிந்துவிட்டு வாயில் போட்டால் முதலில் படுவது தோலின் பட்டு. சதை நசுங்கியதும் ரோஜாவும் கொய்யாவும் கலந்தாற்போல ஒரு மணம் மூக்கின் பின்வழியாக ஏறும். இனிப்பு அதற்குப் பிறகுதான் வரும், கனமாக, ஊதாவாக. கடைசியில் தட்டை விதைகள் பல்லுக்கிடையில் நெரிய ஒரு சிறு துவர்ப்பு. வாய் உடனே அடுத்த பழத்தைக் கேட்பதற்குக் காரணம் அந்தத் துவர்ப்புதான். வியட்நாமின் ஃபூ குவோக் தீவில் இதை மதுவாக்குகிறார்கள், நீலகிரியில் ஜாம் போடுகிறார்கள். இரண்டுக்கும் ஒத்துவரும் பழம் என்றாலும், வெயிலில் சூடேறியிருக்கும்போதே செடியிலிருந்து பறித்துத் தின்பதற்கு அவை ஈடாகா.

லெம்பாவுக்குக் குரங்கின் உதவி வேண்டாம், மண்டியிடத் தெரிந்தால் போதும். நம் சித்த மருத்துவத்தில் வழங்கும் நிலப்பனைக்கு நெருங்கிய உறவு. பாக்குக் கன்றைப் போல மடிப்பு மடிப்பான நீள இலைகள், நிழலான பால்மரக் காட்டின் தரையில். பழம் எங்கே என்று மேலே தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது. இலைத்தண்டுகளின் அடியில், மண்ணோடு மண்ணாக, மட்டைகளை விலக்கினால் வெள்ளைப் பழங்கள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தின்றால் வெள்ளரியின் நீர்ச்சுவை, மெல்லிய இனிப்பு. இதற்கா இவ்வளவு குனிந்தோம் என்று தோன்றும். அதன்பிறகு ஒரு மிடறு வெறும் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இனிக்கும்! 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து குர்குலின் என்று பெயரிட்டார்கள். ஆப்பிரிக்காவின் அதிசயப்பழத்திலுள்ள புரதத்துக்குத் தனியாக இனிப்பு கிடையாது, புளிப்பை இனிப்பாக்க மட்டுமே தெரியும். இதுவோ தானும் இனிக்கும், புளிப்பையும் மாற்றும்.

இங்கேதான் கெலுபி வருகிறது. சதுப்பில் முள்ளோடு வளரும் பனைவகை, செதில் தோல் போர்த்திய பழம், கண்ணை இறுக மூடவைக்கும் புளிப்பு. ஊறுகாய் போட்டு விற்பார்கள், தனியாகத் தின்பவர் அரிது. என் வரிசையில் அதற்கு இடமே இல்லாமல் இருந்தது. லெம்பா தின்ற நாக்கில் ஒரு துண்டு கெலுபியை வைத்தால் அந்தப் புளிப்பு அப்படியே திரும்பி, தேன் கலந்த எலுமிச்சை போல விரிகிறது. புளிப்பு நாக்கில் இனிப்பாகிவிட்டாலும் பல்லுக்கு அது புளிப்பென்று தெரிந்துகொண்டே இருக்கும். அந்த இரட்டை உணர்வு சில நிமிடங்கள் நிற்கும்.

மாற்றங்களை மட்டும் எண்ணினால் லெம்பாவே வெல்லும். ஆனால் லெம்பாவில் மாறுவது நம் நாக்கு. தவிட்டுக்கொய்யாவில் பட்டும் மணமும் இனிப்பும் துவர்ப்பும் அந்தப் பழத்துக்குள்ளேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, துணைக்கு இன்னொரு பழம் தேவைப்படவில்லை. எனவே முதலிடம் அதற்கு, இரண்டாமிடம் லெம்பாவுக்கு. மூன்றாமிடத்துக் குண்டாங்குக்கு மட்டும் ஒரு சலுகை: காயாக, சம்பலோடு, ஒரு மழைநாள் மாலையில் தட்டில் வந்தால் லெம்பாவின் இடத்தை அதற்கே கொடுத்துவிடுவேன்.