தூக்குமரத்தடியில் கட்டபொம்மன்

எங்கள் பக்கத்து ஊர் புள்ளலூர். அங்கே இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. சின்ன வயசில் அதன் நிழலில் உட்கார்ந்து நுங்கு தின்றிருக்கிறோம். யாருக்காக வைத்தது என்று கேட்டதில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கியது இந்த ஊரில்தான். மறு வருஷம் இதே மண்ணில் இன்னொரு சண்டை. தூண்கள் அதில் செத்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு. கும்பினிக்காகச் செத்த நம்மூர்ச் சிப்பாய்களுக்குத் தூணும் இல்லை, கடைசி வார்த்தையும் இல்லை.

கடைசி வார்த்தை பெரிய ஆட்களுக்குக் கிடைக்கும் சலுகை. ஆனால் அதையும் பல சமயம் நாம்தான் அவர்கள் வாயில் வைக்கிறோம்.

புள்ளலூரில் ஜெயித்த திப்பு 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். அதே வருஷம் அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கட்டபொம்மனின் கடைசி நேரம் என்றாலே நமக்குக் காதில் விழுவது 1959-ல் வந்த படத்தில் சிவாஜி கணேசனின் கர்ஜனை. எனக்கும் அப்படித்தான். கல்லூரியில்தான் மேஜர் பானர்மன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். கால்டுவெல் தன் திருநெல்வேலிச் சரித்திரத்தில் அதை எடுத்துத் தந்திருக்கிறார்.

விசாரணையில் கட்டபொம்மன் கொஞ்சமும் அஞ்சவில்லை, அலட்சியமாகவே நின்றார் என்று பானர்மன் ஒப்புக்கொள்கிறார். போகும் வழியில் வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வெளியேறியது தப்பு, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்றாராம். வசனம் இல்லை, சாபம் இல்லை. முதலில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எதிரி எழுதியதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தச் சொற்களை பானர்மன் நேரில் கேட்கவுமில்லை, கேள்விப்பட்டதாகத்தான் எழுதுகிறார். ஆனால் பொய்யாகக் கட்டுவதென்றால் மன்னிப்புக் கேட்டதாக அல்லவா கட்டியிருப்பார்? இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது? எதிர்த்ததற்காக அந்த மனிதர் வருந்தவில்லை. எதிர்த்தபடியே சாகாமல் போனதற்குத்தான் வருந்துகிறார். சினிமா வசனம் எதிரியைப் பார்த்துப் பேசுகிறது. இது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. எனக்கு இதுதான் பெரிய வீரம்.

தம்பி பற்றிய கவலையும் வீண் போகவில்லை. ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். அண்ணன் மரத்தடியில் ஏங்கிய கோட்டையில் நின்று தம்பி சண்டை போட்டார்.

என் தாத்தா சாகும்போது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். "மோட்டார நிறுத்திட்டியாடா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கருமாதி முடிவதற்குள் "முருகா" என்று சொல்லிவிட்டுப் போனதாக வீட்டில் ஆகிவிட்டது. நானும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. நாற்பது வருஷம் அந்தக் கிணற்றோடு வாழ்ந்த மனுஷனை அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரியும். "முருகா" என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.