துணைக் கருவி எதற்குத் துணை?
ஸ்கூபா ஆழமானிகள்: ஒரு மதிப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக் கடலில், அன்றைய இரண்டாவது முக்குளிப்பின்போது, 16 மீட்டர் ஆழத்தில் என் மணிக்கட்டிலிருந்த கருவியின் திரை திடீரென வெறுமையாயிற்று. மின்கலம் தீர்ந்துவிட்டது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறேன் என்பதும் தெரியவில்லை; நீருக்குள் எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதும் தெரியவில்லை. உடன் வந்த நண்பரின் கருவியைப் பார்த்தபடி, அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு மெல்ல மேலேறினேன். தீங்கு ஏதும் நேரவில்லை. கரைக்கு வந்ததும் பலரும் ஒரே அறிவுரையைக் கூறினர்: "மலிவாக ஓர் ஆழமானி வாங்கித் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், போதும்."

இந்த அறிவுரை எவ்வளவு தூரம் சரியானது? துணைக் கருவியாகப் பயன்படும் மூவகைக் கருவிகளை இயற்பியல் மாணவரின் கண்கொண்டு மதிப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் ஆழத்தையும் நேரத்தையும் ஏன் அறிய வேண்டும் என்பதைப் பார்ப்போம். கடலில் ஏறத்தாழ ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடல் திசுக்களில் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழிகளாக வெளிப்படும். மூட்டு வலி முதல் கைகால் செயலிழப்பு வரை இதனால் நேரலாம். உயிருக்கே ஆபத்தும் உண்டு. எவ்வளவு நைட்ரஜன் கரைகிறது என்பது ஆழம், நேரம் ஆகிய இரண்டையும் பொறுத்தது. ஆடுகளைக் கொண்டு சோதனைகள் செய்த ஹால்டேனும் அவருடைய துணைவர்களும் 1908 இல் வெளியிட்ட ஆய்வில், உடலை 5, 10, 20, 40, 75 நிமிட அரைநேரங்கள் கொண்ட ஐந்து வகைத் திசுக்களாகக் கருதிக் கணக்கிட்டனர். இன்றைய முக்குளிப்புக் கணிப்பொறிகள் பலவும் இந்த எண்ணத்தின் வழி வந்தவையே.

இனிக் கருவிகளுக்கு வருவோம்.

மிக மலிவானது நுண்புழை ஆழமானி. ஒரு முனை மூடிய மெல்லிய ஒளிபுகு குழாய், அதனருகே ஓர் அளவுகோல், அவ்வளவுதான். உள்ளிருக்கும் காற்றைக் கடல்நீர் அழுத்துகிறது. நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்பதே ஆழத்தைக் காட்டுகிறது. பள்ளியில் படித்த பாயில் விதிதான் இது. கெல்வின் பிரபு 1876 இல் கப்பல்களுக்கென அமைத்த ஆழம் அளக்கும் பொறியிலும் இதே தத்துவத்தில் இயங்கும் கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார்.

குழாயின் நீளம் 100 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். காற்றின் நீளம் 10 மீட்டர் ஆழத்தில் 50 மி.மீ., 20 மீட்டரில் 33 மி.மீ., 30 மீட்டரில் 25 மி.மீ., 40 மீட்டரில் 20 மி.மீ. ஆகும். முதல் 10 மீட்டருக்குக் குழாயின் பாதி நீளம் கிடைக்கிறது. 30 முதல் 40 மீட்டர் வரையிலான இடைவெளிக்கு வெறும் 5 மி.மீ. மட்டுமே. நம் கண் 1 மி.மீ. பிழை செய்தால், 35 மீட்டர் ஆழத்தில் அது 2 மீட்டர் பிழையாகும். ஆனால் அதே 1 மி.மீ. பிழை, 5 மீட்டர் ஆழத்தில் 22 சென்டிமீட்டர் அளவுக்கே வரும்!

இதைப் பார்த்துவிட்டு, "துல்லியமற்றது" என்று இக்கருவியை ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மேலேறும்போது ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவது பொழுதுபோக்கு முக்குளிப்பவரின் வழக்கம். முதன்மைக் கருவி பழுதான பின் நமக்கு மிகவும் தேவைப்படும் அளவு அதுவே. அங்கேதான் இந்த ஏழைக் கருவி நன்றாகப் பணிசெய்கிறது. குறைகளும் உண்டு. குழாயில் மணலோ பாசியோ அடைத்தால் அளவு பொய்க்கும். வெயிலில் சூடான குழாயை அப்படியே நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, ஆழத்தைச் சற்று மிகுத்துக் காட்டும். மங்கிய நீரில் படிப்பதும் கடினம்.

இரண்டாவது, முள் உள்ள ஆழமானி. இவ்வகையில் பெரும்பாலானவற்றின் உயிர், 1849 இல் போர்டன் காப்புரிமை பெற்ற வளைந்த உலோகக் குழாய். அழுத்தம் மாறும்போது குழாயின் வளைவும் மாறி முள்ளைத் திருப்புகிறது. இதற்கு மின்கலம் தேவையில்லை. சென்ற மிகுதியான ஆழத்தைக் காட்டும் நினைவு முள்ளும் சிலவற்றில் உண்டு. ஆனால் இத்தகைய கருவிகளின் பிழையை முழு அளவின் விழுக்காடாகக் கூறுவது வழக்கம். 60 மீட்டர் அளவுள்ள கருவியில் பிழை 2 விழுக்காடு என்றால், அது எங்கும் 1.2 மீட்டர்வரை இருக்கலாம். 40 மீட்டரில் அது சிறியது. 5 மீட்டரிலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு! எனவே "மிக ஆழம் வரை காட்டும்" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர்தான். கீழே விழுந்து அடிபட்ட கருவியில் முள் சுழிக்குத் திரும்புகிறதா என்பதைப் பார்க்காமல் பழைய கருவியை வாங்கலாகாது.

இவ்விரண்டுக்கும் பொதுவான பெருங்குறை ஒன்று: இவை நேரத்தைக் காட்டா. கூடவே நீர்புகாத கடிகாரம் ஒன்றும் வேண்டும். நல்ல முள் ஆழமானியும் நல்ல கடிகாரமும் புதிதாக வாங்கும் செலவைக் கூட்டிப் பார்த்தால், எளிய கணிப்பொறி ஒன்றின் விலைக்கு அருகே வந்துவிடுவதும் உண்டு. "மலிவு" என்ற சொல்லை இங்கே மறு கணக்குப் போட்டே ஏற்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டாவதாக ஒரு கணிப்பொறி. கிரெஸ்ஸி லியோனார்டோ, மாரெஸ் பக் புரோ போன்ற ஒற்றைப் பொத்தான் கருவிகள் தொடக்கநிலையினருக்கென வந்தவை. துணைப் பணிக்கு அத்தகையவை போதும். சிலிக்கான் உணரி அழுத்தத்தை அளக்க, கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை நம் திசுக்களிலுள்ள நைட்ரஜனைக் கணக்கிடுகிறது. இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒருவர் 30 மீட்டரில் 10 நிமிடமும் பிறகு 12 மீட்டரில் 35 நிமிடமும் இருந்தார் எனக் கொள்வோம். அட்டவணை முறைப்படி, 45 நிமிடமும் அவர் 30 மீட்டரிலேயே இருந்ததாகக் கருத வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை அந்த ஆழத்துக்கு, அதாவது 100 அடிக்கு, அளிக்கும் நிறுத்தமில்லா நேரம் 25 நிமிடம்தான். ஆகவே ஆழமானியும் கடிகாரமும் மட்டும் உள்ளவருக்கு அன்றைய அடுத்த முக்குளிப்புக்கான கணக்கு அத்தோடு அறுந்துவிடுகிறது. கணிப்பொறியோ உண்மையில் சென்ற பாதையைக் கணக்கிட்டிருக்கும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. துணைக் கணிப்பொறி எல்லா முக்குளிப்பிலும் உடன் வந்திருக்க வேண்டும். காலையில் அறையில் உறங்கிய கருவிக்கு, காலையில் நம் உடலில் சேர்ந்த நைட்ரஜன் தெரியாது. நண்பருக்கு இரவல் கொடுத்து வாங்கினால், அது சொல்வது நண்பர் உடலின் கணக்கு! இரு கருவிகளும் வெவ்வேறு எண்களைக் காட்டினால், எது கூடுதல் எச்சரிக்கை தருகிறதோ அதன் சொல்லைக் கேட்க வேண்டும். இரண்டிலும் ஒரே நாளில் மின்கலம் மாற்றுவதும் நல்லதன்று. இரண்டும் ஒருங்கே ஓய்ந்துவிடக்கூடும். மின்கலத்தை நாமே மாற்ற முடிகிற கருவியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஆக, நண்பர்கள் கூறிய அறிவுரை பாதி உண்மை. அது எந்தப் பாதி? துணைக் கருவியின் வேலை, நடந்துகொண்டிருக்கும் முக்குளிப்பைப் பத்திரமாக முடித்து வைப்பது மட்டுமே என்றால், எளிய ஆழமானியும் கடிகாரமும் போதும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறி, 5 மீட்டரில் காற்று இடந்தரும் வரை நின்று, வெளியே வந்து, அன்றைய முக்குளிப்பை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். பயணம் சென்று நாளுக்கு இரண்டு மூன்று முறை முக்குளிப்பவர், ஒரு கருவி பழுதான பின்னும் தொடர விரும்பினால், இரண்டாவது கணிப்பொறியைத் தவிர வேறு வழியில்லை. விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை கண்டுகொள்ள வேண்டும்.

நான் ஆண்டுக்கு ஓரிரு முறையே கடலில் இறங்குபவன். முள் ஆழமானி ஒன்றையும் பழைய கடிகாரத்தையும் வைத்துக்கொண்டேன். ஆழமானியைப் படகிலிருந்து, மீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் கட்டி இறக்கினேன். நினைவு முள் காட்டிய அளவை முடிச்சுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்பினேன்.

கடலுக்குப் போகாத மாணவரும் ஒரு சோதனை செய்யலாம். ஒளிபுகு குழாய் ஒன்றின் ஒரு முனையை அடைத்து, உட்புறம் நீரில் கரையும் மையைத் தடவி உலர்த்துங்கள். திறந்த முனை கீழிருக்க, எடை கட்டி, பெரியவர் ஒருவர் துணையோடு கிணற்றில் இறக்குங்கள். நீர்மட்டத்திலிருந்து 5 மீட்டர் ஆழத்தில் குழாயின் மூன்றில் ஒரு பங்கு மை கரைந்திருந்தால், பாயில் விதி உங்கள் ஊர்க் கிணற்றிலும் நடப்பதை நேரில் கண்டவராவீர்கள்.