பெரும் பூட்டும் அதன் நீக்கமும்: லினக்ஸ் கருநிரல் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

கெர்னல் எனப்படும் கருநிரல், பல செயலிகள் ஒரே தரவை ஒரே வேளையில் மாற்றிவிடாதவாறு பூட்டுகளைக் கையாள்கிறது. 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 பதிப்பு, பல செயலிகள் கொண்ட கணினிகளுக்கென ஒரே பெரும் பூட்டை ஏற்றது. 2011இல், 2.6.39ஆம் பதிப்பில், அது முற்றிலும் நீக்கப்பட்டது. இவ்வரலாறு படிப்படியான முன்னேற்றமாகவே பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. 2008ஆம் ஆண்டு நிகழ்வு அப்பார்வையை ஐயத்திற்குள்ளாக்குகிறது.

2008ஆம் ஆண்டு முடிவு

அதற்குமுன் பெரும் பூட்டு செமஃபோர் வடிவில் இருந்தது. பூட்டை வைத்திருக்கும் செயல்முறையை இடைநிறுத்தி, அவசரப் பணிக்குச் செயலியை அளிக்க அவ்வடிவம் இடந்தந்தது. 2008இல் செமஃபோரின் நிரல் புதிதாக எழுதப்பட்டபின், காத்திருப்போருக்கு வரிசைப்படி பூட்டு கையளிக்கப்பட்டது. முறை நேரியதே. எனினும், பூட்டைப் பெற்ற செயல்முறை உறக்கம் நீங்கிச் செயலியை அடையும்வரை, ஓடிக்கொண்டிருந்த பிற செயல்முறைகளும் பூட்டின்றித் தேங்கின. ஏஐஎம்7 சோதனையில் செயல்திறன் சுமார் 40 விழுக்காடு சரிந்தது. எனவே லினஸ் டோர்வால்ட்ஸ் பெரும் பூட்டை மீண்டும் சுழற்பூட்டாக மாற்றினார். செயல்திறன் மீண்டது, இடைநிறுத்தும் வாய்ப்பு மறைந்தது. உடனடித் துலங்கலை வேண்டும் ஒலிப்பதிவு போன்ற பணிகளுக்கு அது பின்னடைவாயிற்று.

மதிப்பீடு

இம்முடிவுக்கு அடிப்படையான அளவுகோல், குறித்த நேரத்தில் முடியும் மொத்தப் பணியைக் காட்டுவது. ஒரு செயல்முறை எதிர்கொள்ளும் மிக நீண்ட காத்திருப்பு அதில் புலப்படாது. ஆயினும் முதன்மையான குறை அளவுகோலில் இல்லை. பூட்டின் இயல்பிலேயே உள்ளது. பெரும் பூட்டு குறிப்பிட்ட தரவைக் காக்கவில்லை, நிரற்பகுதிகளையே காத்தது. வைத்திருக்கும் செயல்முறை உறங்கினால் அது தானே விடுபடும். விழித்தால் மீண்டும் பற்றிக்கொள்ளும். இதனால் எந்நிரற்பகுதி எதற்காக அதனைச் சார்ந்துள்ளது என்பது தெளிவற்றதாயிற்று. இந்நிலையில் செமஃபோரா, சுழற்பூட்டா என்னும் விவாதம் இழப்பை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றியதேயன்றி நீக்கவில்லை.

முடிவுரை

2008ஆம் ஆண்டு முடிவு தற்காலிக ஏற்பாடாகவே ஏற்கத்தக்கது. அதனையடுத்து இங்கோ மோல்னார் பெரும் பூட்டை அகற்றும் முயற்சியைத் தொடங்கினார். ஆர்ண்ட் பெர்க்மான் உள்ளிட்டோர் அதனை நிறைவு செய்தனர். ஒவ்வொரு துணைப்பகுதியாக ஆராய்ந்து, தேவைப்பட்ட இடங்களில் தனிப்பூட்டுகளை அமைத்த அப்பணியே உண்மைத் தீர்வு. பூட்டு எவ்வளவு விரைவானது என்று அளப்பதற்குமுன், அது எதனைக் காக்கிறது என்பதை வரையறுத்தல் வேண்டும்.